பாதி மொறுமொறுப்பு

பனி வழிக்கும் வண்டியை நிறுத்திவிட்டு
லோவெல் வீடு திரும்பும்போது காலை ஐந்தே கால்.
துலூத் நகரத்தில் அது இன்னும் இரவுதான்.
ஏரி உறைந்து, தன்மேல் தானே நெரிந்து,
யாரோ புரண்டு படுப்பதுபோல் முனகுகிறது.
ஊருக்குக் காலைப் பலகாரம்;
இவனுக்கு ராச்சாப்பாடு.
கையுறையைக் கழற்றிய பிறகும்
விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வளைந்திருக்கின்றன.

அலமாரியில் என்ன இருக்கிறது?
மூன்று நாளாய் வாய் பிளந்து கிடக்கும்
சோளச் சிப்ஸ் பை. நமுத்துப்போனது.
ஒரு டின் தக்காளி.
அரை வெங்காயம், வெட்டிய முகம் காய்ந்தது.
போன கோடையில் மார்வெலின் வாங்கிவைத்த
சிப்போட்லே மிளகாய், சின்ன டின்.
வாங்கி வைத்தாள். பிறகு போனாள்.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ரொம்பச் சுலபம், என்றது டின்னின் முதுகு.
ஒரு மிளகாய் போதும், என்றது.
எட்டு மணி நேரம் தெருவெல்லாம்
உப்பும் மணலும் வாரி இறைத்த கை
'போதும்' என்கிற சொல்லை எப்படி நம்பும்?
நான்கு போட்டான்.

எண்ணெயில் விழுந்ததும்
அவை தாளிக்கவில்லை, தகராறு செய்தன.
முதலில் இருமல். பிறகு கண்ணீர்.
பிறகு கூரையில் தூங்கிக்கொண்டிருந்த புகைமணி
மூன்று மாடியையும் எழுப்பிவிட்டது.

கதவை இடித்தது கீழ்வீட்டு ரெஃபூஹியோ.
சகதேகாஸ்காரன். வீடுகளுக்குக் கூரை போடுகிறவன்.
நவம்பரிலிருந்து வேலையில்லை:
முழங்கால் பனிக்கு மேல் யார் ஆணி அடிப்பார்கள்?
ஒரு காலில் மட்டும் செருப்பு.
கையில் சிவப்பாய்த் தீயணைப்பான்.
"எங்கே தீ?"
லோவெல் கரண்டியால் வாணலியைக் காட்டினான்.

எட்டிப் பார்த்தான் ரெஃபூஹியோ.
வெகுநேரம் பார்த்தான்.
"என்ன இது?"
"மெக்சிகோ சாப்பாடு."
பதில் இல்லை.
வெளியே ஏதோ லாரி
பின்னால் நகர்ந்துகொண்டே பீப் பீப் என்றது.
"சிலாகிலேஸ்," என்றான் லோவெல். அப்புறம்,
"மாதிரி."

அந்த 'மாதிரி'யில்
முகம் கொஞ்சம் இளகிற்று.
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனவன்
இரண்டு முட்டையோடும்
அரை எலுமிச்சையோடும் வந்தான்.
விட்டுப்போன செருப்பையும் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

சிப்ஸைக் கொட்டினான் லோவெல்.
சடசடவென்று ஒரு சத்தம், பிறகு
குழம்பு ஒவ்வொன்றாய் அவற்றின் வாயைப் பொத்தியது.
விளிம்பு இன்னும் மொறுமொறு,
நடு ஏற்கெனவே மெத்து;
இதற்கும் அதற்கும் இடையில் ஒரே ஒரு நிமிடம்.
கிழித்துப் போட்ட ஆரஞ்சு நிறப் பாலாடைக்கட்டி
(ரெஃபூஹியோ சுவரைப் பார்த்துக்கொண்டான்)
உருகி, பரவி,
மேலே இரண்டு முட்டைகள் கலங்காமல் உட்கார்ந்தன.

ஆக்கப் பொறுத்தார்கள்.
ஆறப் பொறுக்கவில்லை இருவருமே.
நாக்கு வெந்தது. மூக்கு ஒழுகியது.
நான்கு மிளகாயும் நான்கு திசையிலிருந்து வந்தன.
மேசையில், உப்புச் சீசாவுக்குப் பக்கத்தில்,
புகைமணியிலிருந்து பிடுங்கிய பேட்டரி.
ஜன்னலுக்கு அப்பால் லோவெல் வழித்துவிட்ட தெரு
மறுபடி வெளுத்துக்கொண்டிருந்தது.
அதை இவன் இன்றைக்குத்தான்
முதுகு காட்டி உட்கார்ந்து மறந்தான்.

வாணலியின் அடியைச் சுரண்டிக்கொண்டே
ரெஃபூஹியோ சொன்னான்:
"எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கிடையாது."
"பிடிக்கவில்லையா?"
"பெயர் கிடையாது என்றுதானே சொன்னேன்."
தட்டை நீட்டினான்.

தீயணைப்பானை மறந்துவிட்டுப் போனான்.
அடுப்போரமே இருக்கட்டும் என்று லோவெலும் விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை காலை, ஐந்தே காலுக்கு,
கதவின் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது.
புதுச் சிப்ஸ்.
நமுக்கட்டும் என்று
வாயை நன்றாகப் பிரித்து விட்டிருந்தது.